விதைக்கு விட்ட காய்

பழைய புடவையை அப்பாயி முழுதாகத் தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை. கட்ட முடியாத அளவுக்கு நைந்து போனதும் கரையை விரல் அகலத்துக்கு நாடா நாடாகக் கிழித்துச் சுருட்டிப் புழக்கடைச் சுவரின் மாடத்தில் வைத்துவிடுவாள். தக்காளிச் செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்ட, அவரைக் கொடியைப் பந்தலுக்கு ஏற்றிவிட, புடலங்காய் சுருளாமல் நீள்வதற்கு நுனியில் கல் கட்டித் தொங்கவிட, எல்லாவற்றுக்கும் அந்த நாடாதான். சிவப்புக் கரைக்கு மட்டும் தனி வேலை இருந்தது. ஆடியில் ஊன்றிய வெண்டை புரட்டாசி பிறக்கும்போது நல்ல காய்ப்புக்கு வந்திருக்கும். நாலைந்து நாள் செடி செடியாகச் சுற்றிப் பார்ப்பாள். இலையில் மஞ்சள் நரம்பு ஓடாதது, கணு நெருக்கமானது, காய் நேராக இறங்குவது என்று பார்த்து ஒரு செடியைத் தேர்வாள். அதில் முதல் காயையும் எடுக்கமாட்டாள், கடைசிக்கும் காத்திருக்கமாட்டாள். நடுவில் திரண்டு வரும் இரண்டு மூன்று காய்களின் காம்பில் சிவப்பு நாடாவைத் தளரக் கட்டுவாள். அன்றிலிருந்து அவற்றின் மேல் வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது அப்படியொரு காயைப் பறித்துவிட்டேன். கொல்லையிலேயே அழகான காய் அதுதான். அடிப்பாள் என்று பயந்து நின்றேன். அவள் அந்தக் காயை வாங்கி நகத்தால் நீளவாக்கில் பிளந்தாள். உள்ளே முத்து முத்தாக வெள்ளை விதைகள், இன்னும் பால் முற்றாமல். "பாத்தியா தம்பி, இதுல அடுத்த வருசத்துக்கு நாப்பது செடி இருந்துச்சு. விதைக்கு உட்டதத் தொடக் கூடாது" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. அன்றைய குழம்பில் அந்தக் காயும் சேர்ந்தது. எனக்கு அது இறங்கவில்லை.

நாற்பது ஆண்டுக்குப் பிறகு, கொள்ளிடக் கரையோரத்து அந்தக் கொல்லை கைமாறிப் போன பிறகு, சென்னையில் ஒரு வாடகை வீட்டின் மொட்டை மாடியில் முப்பது தொட்டிகளுக்கு நடுவே நின்று இதை எழுதுகிறேன். வீட்டுத் தோட்டத்தைக் குறைந்த செலவில் செய்வது எப்படி என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் மண், பை, உரம் என்று கணக்குச் சொல்லத் தொடங்குவேன். இப்போது அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. எதை வாங்காமல் இருக்கலாம் என்பதில் தொடங்குவதைவிட, எதைப் பறிக்காமல் விடவேண்டும் என்பதில் தொடங்குவதே சரி. அதற்கு ஏற்ற மாதம் புரட்டாசி.

பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டுப் பருவங்களைப் படித்தபோது கோடைக்கு அடுத்ததை இலையுதிர்காலம் என்று மனப்பாடம் செய்தோம். அந்தச் சொல் நம் மரங்களுக்குப் பொருந்தாது. இங்கே இலை உதிர்வது மாசி, பங்குனியில். வேம்பும் புங்கையும் வாதாமரமும் தெருவை மூடுவது அப்போதுதான். செப்டம்பர் கடைசியில், குளிர்நாடுகளில் செடிகள் அடங்கத் தொடங்கும் நேரத்தில், நமக்குக் கார் காலம் முடிந்து கூதிர் வரப்போகிறது. ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்று பகுத்தவர்கள் நம் முன்னோர். குளிர்நாட்டுத் தோட்டக்காரர் இந்த மாதத்தில் கடையைக் கட்டுகிறார். நாம் திறக்கிறோம். ஒன்று மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது. செப்டம்பர் 22 அல்லது 23இல் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகி, பிறகு இரவு நீளத் தொடங்குகிறது. புரட்டாசியின் முதல் வாரத்தில் வரும் நாள் அது.

அந்த நாளை முதலில் தெரிந்துகொள்வது அவரைக்கொடி. நாட்டு அவரை, பந்தலில் ஏறும் கொடி அவரை, இரவு போதுமான அளவு நீளாமல் பூக்காது. சித்திரையில் ஊன்றினால் தழைத்துத் தள்ளும், பூ எடுக்காது. ஆடியில் ஊன்றினால் ஆவணி முழுக்கக் கொடி ஓடி, புரட்டாசி, ஐப்பசியில் பூவெடுத்து, தைப்பொங்கலுக்குக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பொங்கல் கூட்டில் அவரைக்காய் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை ரகங்கள் இந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்படாதவை, எந்த மாதமும் காய்க்கும். ஆனாலும் எனக்குக் கொடி அவரையின் மேல்தான் மனம். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நாம் கவனிக்காமலேயே கடந்துபோகும் அந்தச் சிறிய மாற்றத்தை ஒரு கொடி அளந்து வைத்திருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே மாடியில் கண்டேன். இரண்டு ஆண்டுக்கு முன் பந்தலின் வடக்குப் பக்கம் பூத்துக் குலுங்க, தெற்குப் பக்கம் வெறும் இலையாகவே இருந்தது. ஒரே குழியில் ஊன்றிய விதைகள், ஒரே எரு, ஒரே தண்ணீர். சாம்பல் சத்துக் குறைவு என்றார் ஒருவர், மோர்க் கரைசல் தெளி என்றார் இன்னொருவர். இரண்டும் செய்தேன், பலனில்லை. ஓர் இரவு துணி எடுக்க மாடிக்குப் போனபோதுதான் தெரிந்தது, தெற்குப் பக்கத்து இலைகள் மேல் புதிதாகப் போட்ட தெருவிளக்கின் வெள்ளை வெளிச்சம் விடிய விடிய விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக்கு இரவு வரவேயில்லை. பழைய கோணியை மறைப்பாகக் கட்டினேன். மூன்று வாரத்தில் அங்கேயும் ஊதா மொட்டு எட்டிப் பார்த்தது. அவரை பூக்கவில்லை என்று உரம் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் மாடி விளக்கை அணைத்துப் பார்க்கட்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கத் தவறியவர்களுக்குப் புரட்டாசியில் இன்னொரு கதவு திறக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. புரட்டாசி பிறந்ததிலிருந்து அதுவரை கையில் இருப்பது நான்கைந்து வாரம். அதற்குள் நாற்று வேர் பிடித்துவிட்டால் மழை அதைத் தாலாட்டும். இல்லையென்றால் அடித்துக்கொண்டு போகும். பகலில் பொன் உருகக் காயும், இரவில் மண் உருகப் பெய்யும் என்று புரட்டாசியைப் பற்றிச் சொல்வார்கள். முளைப்புக்கு வேண்டிய சூடும் ஈரமும் அந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிறது.

விதைக்கு எங்கே போவது? அடுக்களைக்குத்தான். அஞ்சறைப் பெட்டியை ஒரு விதைப் பெட்டியாகப் பார்க்கப் பழகவேண்டும். வெந்தயம் மூன்று நாளில் முளைக்கும், மூன்று வாரத்தில் கீரை. கொத்தமல்லிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நாம் தனியா என்று அளந்து போடும் உருண்டை, இரண்டு விதைகள் ஒட்டிய காய். அப்படியே போட்டால் ஓடு ஊறித் திறக்க நாளாகும். தரையில் பரப்பிச் செருப்புக் காலால் மெல்லத் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும். அழுத்தம் கூடினால் பருப்பு நசுங்கிவிடும், பிளவுச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடவேண்டும். ஓர் இரவு ஊறவைத்து, நிழல் விழும் இடத்தில் வரிசையாகத் தூவி மண் மூடினால் பத்து நாளில் முளை தெரியும். கொத்தமல்லி அடைமழையைத் தாங்காது, ஆகவே அதன் தொட்டி தாழ்வாரத்துக்கு அடியில் இருக்கட்டும். வற்றல் மிளகாய் வெயிலில் உலர்ந்ததாக இருந்தால் அதன் விதையும் முளைக்கும். புதினாக் கட்டில் தடித்த தண்டு நாலைந்து எப்போதும் இருக்கும். இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை ஈர மண்ணில் சாய்த்து வைத்தால் போதும். பொன்னாங்கண்ணியும் அப்படித்தான். சின்ன வெங்காயம் முளைவிட்டால் குப்பைக்குப் போகவேண்டியதில்லை, மண்ணுக்குப் போகலாம். மணத்தக்காளிப் பழத்தைக் குழந்தைகள் கையில் கொடுத்தால் தின்றது போக நசுக்கியதே ஒரு பாத்திக்கு ஆகும்.

தக்காளிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். சந்தைத் தக்காளியில் பெரும்பாலானது ஒட்டுரகம். இரு வேறு பெற்றோரைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை அது. அதன் விதை முளைக்கும், காய்க்கும், ஆனால் தாயைப் போலவே பிள்ளை இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு செடி உருண்டையாகவும் இன்னொன்று நீளமாகவும் காய்க்கும். நாட்டுத் தக்காளி, உடலில் வரிப் பள்ளங்களோடு புளிப்பாக இருக்குமே அது கிடைத்தால், விட்டுவிடாதீர்கள். நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து, விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்க விடவேண்டும். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு கரைந்து, நல்ல விதை அடியில் தங்கும். அலசி, செய்தித்தாளில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி நிழலில் உலர்த்தினால் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு விதைக்கும்போது தாளைக் கிழித்துத் துண்டு துண்டாக ஊன்றிவிடலாம்.

நாற்றுவிடத் தட்டு வாங்குகிறார்கள். தேங்காய் உடைக்கிற வீட்டில் அதற்கு என்ன தேவை? கொட்டாங்கச்சியின் மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும், தென்னங்கன்று தானே முளைத்து வெளியேற வைத்திருக்கும் வழி அது. ஆணியால் அதைத் தள்ளினால் வடிகால் தயார். நாரோடு கூடிய ஓடு என்றால் ஈரமும் காக்கும். இருபது நாள் நாற்றை ஓட்டை உடைத்து வேர் கலையாமல் தொட்டியில் இறக்கலாம். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் நான் இப்படித்தான் விடுகிறேன்.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன ஆண்டு ஒரு கடையில் 30 ரூபாய் கொடுத்து வாங்கிய வெண்டைப் பொட்டலத்தில் 20 விதை இருந்தது. முளைத்தது 6. மேலே அச்சிட்ட படம் மட்டும் பளபளவென்று இருந்தது. பணத்தைவிட, தவறிப்போன பட்டம்தான் பெரிய நட்டம். முளைக்காது என்று தெரிவதற்கே பத்து நாள் போய்விட்டது, மறுபடி ஊன்றி எழும்புவதற்குள் மழை வந்துவிட்டது. அதன் பிறகு எந்த விதையானாலும் முதலில் பத்தை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைக்கிறேன். எட்டு முளைத்தால் தாராளமாக ஊன்றலாம், ஐந்து முளைத்தால் குழிக்கு இரண்டாகப் போடவேண்டும், அதற்கும் கீழே என்றால் அந்த விதைக்கு மண்ணைச் செலவழிக்க வேண்டாம்.

நம் ஊரில் இந்தச் சோதனைக்கு ஒரு திருவிழாவே உண்டு. முளைப்பாரிச் சட்டியில் தானியங்களை முளைக்கவிட்டு ஊர்வலமாக எடுத்துப்போவது விதையின் தரம் பார்க்கும் வழியாகவும் இருந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். புரட்டாசியில் நவராத்திரி வரும்போது கொலுப்படிக்குக் கீழே குழந்தைகள் பூங்கா கட்டுவார்கள். தாம்பாளத்தில் மண் பரப்பிக் கடுகும் கேழ்வரகும் வெந்தயமும் தூவி, மூன்றாம் நாள் பச்சை பிடித்ததும் நடுவில் கண்ணாடித் துண்டைக் குளமாக வைப்பார்கள். கொலு முடிந்ததும் அந்தப் பச்சையைக் கொட்டிவிடுவதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் வெந்தயத்தை மட்டும் மண்ணோடு பெயர்த்து மாடிக்கு எடுத்துப் போகிறாள் என் மகள். பத்து நாளில் கீரைச் சாம்பாருக்கு ஆகிவிடுகிறது.

மண்ணுக்கு வருவோம். பெரிய செலவு இங்கேதான் நடக்கிறது. ஆண்டுக்கொரு முறை பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புதுக் கலவை மூட்டை வாங்குகிறார்கள். பழைய மண் செத்துப் போவதில்லை, களைத்துப் போகிறது. ஆவணி வெயிலில் ஒரு வாரம் பரப்பிவைத்து, கட்டியை உடைத்து, வேர்ச் சிக்கலைப் பிரித்தெடுத்து, மூன்றில் ஒரு பங்கு மட்கு கலந்தால் எழுந்து உட்கார்ந்துவிடும். முன்பு கத்தரி, தக்காளி, மிளகாய் இருந்த தொட்டியில் மறுபடி அந்தக் குடும்பத்தையே வைக்காமல் அவரையோ கீரையோ வைப்பது நல்லது, நோய் தொடராது.

அந்த மட்கு எங்கிருந்து வருகிறது? பங்குனியில் தெருப் பெருக்கும் அம்மா குவித்துத் தீ வைக்கப்போன சருகிலிருந்து வருகிறது. "எரிக்காதீங்கம்மா, எனக்குக் குடுங்க" என்று முதன்முதலில் கேட்டபோது, "என்ன சார், குப்பையப் போயி கேக்குறீங்க" என்று வியந்தவர், இப்போது அவரே மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார். வேம்பு, புங்கைச் சருகு சீக்கிரம் மட்கும், மாவிலை நாளெடுக்கும். ஓர் இரவு ஊறவைத்து, அரிசிச் சாக்கில் அடைத்து, பழைய மட்கு ஒரு கை தூவி, சாக்கின் அடியில் நாலு ஓட்டை போட்டு நிழலில் வைத்தேன். வாரத்துக்கு ஒரு முறை அரிசி கழுவிய தண்ணீர். நேற்று பிரித்தேன். பாதிச் சாக்காக வற்றியிருந்தது. கையில் அள்ளினால் சருகின் நரம்பு மட்டும் வலைபோல் மிச்சம், மற்றதெல்லாம் காப்பித்தூள் நிறத்தில் உதிர்ந்தது. முதல் மழையில் எழும் மண்வாசனைதான் அதிலும் வந்தது. ஒரு மண்புழு விரலில் சுற்றிக்கொண்டது. அதை நான் வாங்கிவிடவில்லை. மூன்றாவது மாடிக்கு எப்படி வந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், பழைய தொட்டி மண்ணில் முட்டையாக ஒட்டி வந்திருக்கலாம். நம் மரங்கள் பங்குனியில் இலை உதிர்ப்பதும், அது மட்கித் தயாராகும் நேரத்தில் புரட்டாசி வருவதும் எவ்வளவு பொருத்தம்! அந்த ஆறு மாதத்தை நெருப்பு பத்து நிமிடத்தில் அழித்துவிடுகிறது.

சருகை எரிக்க வேண்டாம், மூடாக்காகப் போடுங்கள் என்பதை ஊர் ஊராக நடந்து சொன்னவர் நம்மாழ்வார். 1938இல் தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்து 2013 டிசம்பரில் மறைந்தார். அவர் வயலுக்குச் சொன்னது ஒரு வாளி மண்ணுக்கும் பொருந்துகிறது. மழைக்காலத்தில் மூடாக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை வெறும் தொட்டி மண்ணில் அடைமழை விழுவதைப் பார்க்கவேண்டும். துளி விழுந்து மண்ணைத் தெறிக்கவைத்து, அந்தச் சேறு அடி இலையில் ஒட்டி, அங்கிருந்துதான் அழுகல் ஏறுகிறது. இரண்டு விரல் கனத்துக்குச் சருகோ தேங்காய் நாரோ இருந்தால் அந்த அடி விழாது.

உரம் என்று சமையலறைக் கழிவுகளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நான் பல ஆண்டு செய்துபார்த்ததில் வந்த முடிவைச் சொல்கிறேன். முட்டை ஓட்டை உடைத்து மண்ணில் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும், மாவாகப் பொடித்தால்தான் சிறிது பயன். வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீரால் பெரிய மாற்றம் எதையும் நான் காணவில்லை, தோலை மட்குச் சாக்கில் போடுவதே மேல். தேயிலைச் சக்கையைச் சர்க்கரை போகக் கழுவாமல் போட்டால் எறும்பு புற்று வைத்துவிடும். கடலைப் புண்ணாக்கு உண்மையிலேயே நல்லது, அதில் தழைச்சத்து ஏறத்தாழ 7 விழுக்காடு. மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றவேண்டும். ஆனால் அடைமழைக்கு முதல்நாள் ஊற்றினால் அத்தனையும் மழையோடு வடிந்து தெருச் சாக்கடைக்குப் போய்விடும். புரட்டாசியின் காய்ந்த நாட்களில் ஒருமுறை, மழை விட்ட கார்த்திகைக் கடைசியில் ஒருமுறை, அவ்வளவு போதும். கொடுமுடி மருத்துவர் நடராசன் பரப்பிய பஞ்சகவ்யத்தைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளிப்பவர்களும் இலை காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்துத் தெளிப்பது நல்லது. உரத்தின் விலையில் பாதி, அதை இடும் நாளில் இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். நூறு சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர் கிடைக்கும். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமானது, ஆனால் குழாயிலிருந்து ஒரு பீப்பாய்க்குத் திருப்பி வைத்திருக்கும் வீடு அரிது. ஐப்பசியில் நம் தொட்டிகள் தாகத்தால் சாவதில்லை, மூழ்கிச் சாகின்றன. சாயப்பூச்சு வாளியோ எண்ணெய் டின்னோ உடைந்த குடமோ மீன் பெட்டியோ எதுவானாலும் அடியில் ஓட்டை திறந்திருக்கிறதா என்று இப்போதே குச்சி விட்டுப் பார்த்துவிடுங்கள். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஈர மண்ணின் பாரம் பெரிது, தொட்டிகளை மாடி நடுவில் குவிக்காமல் சுவரோரம், தூணுக்கு மேல் வருகிற மாதிரி வைப்பது வீட்டுக்கும் நல்லது. தரையில் முருங்கை வைத்திருப்பவர்கள் நீண்டு போன கிளைகளை இந்த மாதமே கழித்துவிட்டால் புயல் காற்றில் முறியாது. கழித்ததில் கை கனமுள்ள துண்டை மூன்று நாலு அடிப் போத்தாக வெட்டி அண்டை வீட்டுக்குக் கொடுக்கலாம், கீரை உங்களுக்கு.

அண்டை வீடு என்றதும் அப்பாயியின் இன்னொரு பழக்கம் நினைவுக்கு வருகிறது. விதையைக் காசுக்குக் கொடுக்கமாட்டாள். யார் கேட்டாலும் ஒரு பிடி, அடுத்த ஆண்டு அவர்கள் இரண்டு பிடியாகத் திருப்பித் தரவேண்டும். ஏமாற்றுகிறார்களா என்று பார்ப்பதற்காக இல்லை. ஓர் ஆண்டு எங்கள் கொல்லையில் வெள்ளம் புகுந்து அத்தனை விதையும் அழுகியபோது, நாலு வீடு தள்ளிக் கொடுத்திருந்த பாகற்காய் விதை திரும்பி வந்தது. எங்கள் பாகல் எங்களுக்கே கிடைத்தது. சேமிப்பை அவள் தன் வீட்டுக்குள் மட்டும் வைத்திருக்கவில்லை.

விதையைக் காக்கும் விதமும் அவளிடம் பார்த்ததுதான். பூசணி, சுரை விதைகளைச் சாணத்தில் பதித்து வரட்டியாகச் சுவரில் தட்டிவிடுவாள். அவரையையும் காராமணியையும் அடுப்புச் சாம்பலில் புரட்டிக் குடுவையில் போடுவாள். சாம்பல் வண்டின் மேல்தோலைச் சிராய்த்து அதன் உடல் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று இன்று விளக்கம் படிக்கிறோம். என்னிடம் சாணமும் இல்லை, விறகடுப்பும் இல்லை. வேப்பிலையை உலர்த்திப் போட்டு, கண்ணாடிப் புட்டியில், அடியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு கை பரப்பி வைக்கிறேன், அது ஈரம் இழுத்துக்கொள்ளும். விதையைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தால் பல் பதியக் கூடாது, டக்கென்று உடையவேண்டும். அதுவரை புட்டியை மூடக் கூடாது. வெங்காய விதை ஓராண்டைத் தாண்டுவது அரிது. வெண்டையும் தக்காளியும் கத்தரியும் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். மேலே ஊர், மாதம், செடி நின்ற இடம் மூன்றையும் எழுதிவிடவேண்டும்.

இந்தப் புரட்டாசியில் என் மாடியில் ஒரு வெண்டைச் செடியில் மூன்று காய் சிவப்பு நாடாவோடு நிற்கிறது. கோயில் கயிற்றை அறுத்துக் கட்டினேன், சிவப்புக் கரைப் புடவை வீட்டில் இல்லை. விதைக்கு விட்ட பிறகு அந்தச் செடியின் மற்றக் காய்ப்பு குறைந்துவிட்டது. செடி தன் பலத்தையெல்லாம் அந்த மூன்றுக்கே அனுப்புகிறது. பூ விழுந்து ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. பச்சை போய், வைக்கோல் நிறம் வந்து, விலா எலும்புபோல் வரிகள் எழுந்து, காற்றடித்தால் உள்ளே கலகலக்கிறது. நேற்று ஒரு நெற்று நுனியில் பிளந்தது. மழைக்கு முன் பறித்துவிடவேண்டும், நனைந்தால் நெற்றுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். பறித்து உதிர்த்தேன். சாம்பல் பச்சையில், மிளகைவிடச் சற்றுப் பருத்து, 48 விதை. மற்ற இரண்டும் இந்த வார வெயிலில் முற்றிவிடும்.

ஆயுதபூசை மறுநாள் காலை எங்கள் தெருவில் எட்டு இடத்தில் பூசணி உடைந்து கிடந்தது. திருஷ்டி கழித்துப் போட்ட கல்யாணப் பூசணி, உள்ளே குங்குமம், சில்லறைக் காசு. இருசக்கர வண்டிகள் வழுக்கி விழாமல் தள்ளி வைக்கக் குனிந்தபோது, ஒன்று மட்டும் சாம்பல் பூத்து நன்றாக முற்றியிருந்தது கண்ணில் பட்டது. அது எவர் கண்பட்ட காயோ, எடுக்கலாமா என்று ஒரு கணம் நின்றேன். அந்தக் காய்க்குள் இருந்த விதைக்கு யார் கண்ணும் பட்டிருக்காது என்று தோன்றியது. குங்குமம் படாத பக்கத்துச் சதையை வழித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மணலில் பிசைந்து அலசி, முறத்தில் காயவைத்தேன். மிதந்ததை நீக்கி, மூழ்கியதை எண்ணினால் 160 இருந்தது. பத்துப் பத்தாகப் பொட்டலம் கட்டியாயிற்று. நான்கைத் தெரு பெருக்கும் அம்மா வாங்கிக்கொண்டார், அவர் ஊரில் கொல்லை இருக்கிறதாம். மீதி பன்னிரண்டு பொட்டலம் புட்டியில் இருக்கிறது. தைப்பட்டத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.